ஒருக்காக் கேட்ட பூ

முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற அரளிப்பூவின் வாசம் காலையிலிருந்து என்னை விடவில்லை. கையைக் கழுவினாலும் இருக்கிறது. ஒருநாளும் உங்கள் பேரைச் சொல்லாதவள், இந்த மடலிலும் பழகியபடியே கூப்பிடுகிறேன். ஏனுங்க, இன்றைக்கு மறுபடியும் மாரியம்மனிடம் பூ கேட்டோம்.

உங்கள் மகன் பட்டாளத்தில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடல் தாண்டிச் சண்டை நடக்கிறது. போன பையன்கள் பலரைப் பற்றித் தகவலே இல்லை. “பூக் கேளுங்கம்மா. ஆத்தா வேண்டாம்னா போவல. போகச் சொன்னா நீங்க தடுக்கக் கூடாது” என்றான். இந்தப் பேச்சுச் சாமர்த்தியம் என் பிறந்த வீட்டிலிருந்து வந்ததில்லை.

அவன் கைக்குழந்தையாக இருந்த வருஷம் நினைவிருக்கிறதா? நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். பரணிலிருந்து ஒரு எலி அடுப்புப் பக்கம் விழுந்து அப்படியே கிடந்தது. நீங்கள் அதைக் குச்சியால் புரட்டிப் பார்த்தீர்கள். பிளேக் என்ற சொல்லை உங்கள் வாய் சொல்லவில்லை. “கொழந்தையத் தூக்கிட்டு ஊட்ட விட்டு வெளிய வா” என்று மட்டும் சொன்னீர்கள். அந்த வாரமே ஊர் மொத்தமும் காலி. அவரவர் காட்டில் குடியிருக்க ஓலைச் சாளை போட்டுக்கொண்டார்கள். நம் சாளையிலிருந்து பார்த்தால் ஊர் தெரியும். ஒரு கூரையிலும் புகை இருக்காது. விட்டு வந்த நாய்கள் பட்டப்பகலில் ஊளையிடும்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து என் அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வந்தான். “எங்கூருல நோவு இல்லீங்க மாப்பிள்ளை, ஏறுங்க” என்றான். நான் மூட்டையே கட்டிவிட்டேன். நீங்கள்தான் ஆத்தாளைக் கேட்காமல் போகக் கூடாது என்றீர்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டும் ஒன்றுபோல இலையில் கட்டி அம்மன் முன்னால் போட்டீர்கள். பக்கத்துச் சாளைக் குழந்தை ஒன்றை எடுத்தது. பிரித்தால் சிவப்பு. போக வேண்டாம் என்று உத்தரவு.

“மறுக்காக் கேளுங்க மாப்பிள்ளை, சின்னக் கொழந்தை இருக்குது” என்று அண்ணன் உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினான்.

“ஒருக்காத்தானுங்க கேக்கோணும். நமக்குப் புடிச்சது வார வரைக்கும் கேட்டா அது சாமியில்லீங்க, சந்தை.”

வண்டி வெறுமனே திரும்பிப் போனது. அன்றைக்கு உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு ஒரு மத்தியானம் நீங்கள் ஏர் ஓட்டுவதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தீர்கள். கண் சிவந்திருந்தது. தொடையிடுக்கில் கட்டி. என்னையும் குழந்தையையும் கிணற்றடிக்குத் துரத்திவிட்டு, “கிட்ட வராத” என்று சாளைக்குள் படுத்துக்கொண்டீர்கள். நான் அங்கிருந்தே கத்தினேன்: “ஆத்தா சொல்லித்தானுங்க இருந்தோம்! இப்ப எங்கீங்க போனா உங்க ஆத்தா?”

போய்விட்டீர்கள் என்றே நினைத்தேன். பிறகு உங்கள் குரல் வந்தது. “போலாமா வேண்டாமான்னுதான் கண்ணு கேட்டேன். பொழப்பமான்னு நாங் கேக்கல. அவ சொன்னதுல பொய்யில்ல. பையன அவகிட்ட உட்டுட்டு நீ தைரியமா இரு.”

உங்களைச் சுடுகாட்டுக்குத் தூக்க அண்ணனைத் தவிர ஆள் வரவில்லை. அந்த வருஷம் நாமகிரிப்பேட்டையில் ஒரு எலிகூடச் சாகவில்லை. அதை அவன் என்னிடம் சொல்லவில்லை. வேறு வாய் வழியாகத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து ஆத்தாளுக்கு விளக்கு வைக்கவில்லை. வாய்க்கு வந்தபடி வைதேன். ஆனால் வைவதற்கும் எனக்கு அவள்தான் இருந்தாள். முந்தின நாள்வரை உங்கள் மடியில் தூங்கிய குழந்தைக்கு உடம்புகூடச் சுடவில்லை. இதையும் அதையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரியாமலேயே ஒருநாள் விளக்கை ஏற்றிவிட்டேன்.

இன்று காலை எதிர்வீட்டுக் குழந்தை பொட்டலத்தை எடுத்தபோது, சிவப்பு வரட்டும் ஆத்தா என்று மனசுக்குள் கும்பிட்டேன். அன்றைக்கு எந்தச் சிவப்பைப் பார்த்து நெஞ்சு வெந்ததோ, அதே சிவப்பு.

வெள்ளை வந்தது.

மறுக்காக் கேட்கலாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டதுங்க. மகன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கிவிட்டேன். பூவில் பாதியை அவன் கையில் கொடுத்து, “போயிட்டு வா சாமி” என்றேன். மீதிதான் முந்தானையில் இருக்கிறது. நாளைக் காலை சேலத்தில் ரயில் ஏறுகிறான். இப்போது உள்ளே சட்டை மடித்துக்கொண்டு சீட்டியடிக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.

போகலாமா என்று மட்டும்தான் கேட்டேன். திரும்பி வருவானா என்று கேட்கவில்லை.