கிணற்றுத் தண்ணீரில் தேய்த்த கைப்பிடி

யூலை 7, திங்கள்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து, காலை ஒன்பதுக்கே. எங்கும் தூசி. பட்டறையின் கடல்நீர்க் களப்புப் பக்க யன்னல்களுக்கு ஈரச் சாக்குக் கட்டுவித்தேன். முழங்கால் வழமைபோல, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கொழும்பை விட்டுத் தில்லையடியில் தங்கை வீட்டுக்கு வந்து நான்கு மாதம். இங்குள்ள கல்லூரியில் "வருகை விரிவுரையாளர்" என்ற பட்டம் கிடைத்திருக்கிறது. பொருள்: தனக்கென்று கதிரை இல்லாதவர். கைத்தொழில் வடிவமைப்பு, இறுதியாண்டு, பதினொரு பேர். மாதிரி செய்தல், மேற்பரப்பை முடித்தல். வியாழனன்று வெளிப் பரீட்சகர்கள்.

இன்றைய நிலவரம்:
— அஸ்லம்: மீன் பெட்டி. மூலைகள் நேரில்லை. வாய் மட்டும் நேர்.
— நஸ்ரின்: உப்பு வாரும் பலகைக்கு ஒரு கைப்பிடி. மரம், புட்டி, பிரைமர், வெள்ளியன்று அடித்த பளபளப்பு வர்ணம். குறை சொல்லத் தேடினேன், அகப்படவில்லை.
— மற்றவர்கள்: பார்க்கலாம்.

நஸ்ரினின் உம்மா உப்பளத்தில் வேலை. அவருடைய பிடியைக் களிமண்ணில் பதித்து, அதிலிருந்து செதுக்கியது. இந்த வகுப்பில் கை உள்ள பிள்ளை இவள் ஒருத்திதான். அவளிடம் சொல்லவில்லை. இம்முறை தவறினால் ஓராண்டு மறுபடி. "உம்மாட விரல் இன்னொரு வருசம் தாங்காது மிஸ்" என்று ஒருநாள் சொன்னாள், தேய்க்கும் அரத்தாளை மடித்தபடி, என்னைப் பாராமல்.

தங்கைக்கு மூட்டுத் தைலம் வாங்க மறந்தேன்.

யூலை 8, செவ்வாய்

இரவெல்லாம் புழுக்கம். காலையில் நஸ்ரினின் கைப்பிடி முழுவதும் கொப்புளம். கடுகு அளவில் நூற்றுக்கணக்கில்.

"என்ன இது?"

"தெரியா மிஸ். நேத்து இப்பிடி இல்ல."

"பிரைமர் காய முன்னம் அடிச்சிருக்கிறாய்."

"காஞ்ச பொறகுதான் அடிச்சன் மிஸ்."

"பொறுமை இல்லாத கைக்குத் தூரிகை எதுக்கு?"

எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவள் அழவில்லை; அழுதிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அஸ்லமின் பெட்டியைத் தூக்கி உதாரணம் வேறு காட்டினேன். கண்ணாடி மாதிரி. "இதுல மொகம் பாத்து சேவ் எடுக்கலாம் மிஸ்" என்றான் அவன்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் இன்னும் ஒன்பது மாதிரிகளில் கொப்புளம். பத்துப் பேருக்கும் ஒரே நாளில் பொறுமை கெடாது. தையல் ஊசியால் ஒன்றைக் குத்தினேன். ஒரு துளி நீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

அஸ்லமைக் கூப்பிட்டேன். "நான் சொன்ன மாதிரி பிரைமரைத் தண்ணி விட்டுத்தானே தேய்ச்சாய்?"

"கோவப்படாதீங்க மிஸ். களவா தண்ணி இல்லாமக் காயத்தான் தேச்சன். கை நனையுது எண்டு."

பதினொரு பேரில் சொன்ன சொல் கேளாத ஒருவனின் வேலை மட்டும் பழுதில்லை.

நஸ்ரினிடம் கேட்டேன்: "முற்றத்துக் கிணத்துத் தண்ணி உப்பா?"

"ஓம் மிஸ். இங்க எல்லாக் கிணறும் அப்பிடித்தான். குடிக்கிற தண்ணி பவுசர் லொறில வரும்."

"ஏன் புள்ள சொல்லல்ல?"

"நல்லாத் தண்ணி ஊத்தித் தேய் எண்டுதானே சொன்னீங்க. குடி எண்டு சொல்லல்லயே."

உண்மை. பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீரில் குளித்தவர்களுக்கு அது வெறும் தண்ணீர். கொழும்புக் குழாயடியில் நாற்பது ஆண்டு கற்பித்த எனக்கும் அது வெறும் தண்ணீர். காற்றைக் கேட்டேன், தூசியைக் கேட்டேன், அரத்தாளின் இலக்கத்தைக் கேட்டேன். தண்ணீரைக் கேட்கவில்லை. காய்ந்தபின் தங்கிய உப்பு, வர்ணத்துக்குள் ஈரத்தை இழுத்திருக்கிறது. ஈரச் சாக்கும் என் யோசனையே.

யூலை 9, புதன்

முதல் வேலை: வகுப்பில் மன்னிப்பு. நின்றுகொண்டே. "நேற்று நஸ்ரினுக்கு நான் சொன்னது பிழை. அவளுடைய கையில் குற்றமில்லை. எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் கற்பித்தது நான்."

அஸ்லம்: "மிஸ், இன்னொருக்கா சொல்லுங்க, ரெக்கோட் பண்ண மறந்துட்டன்."

பவுசர்த் தண்ணீர் சுமக்கும் பொறுப்பை அவனுக்கே கொடுத்தேன். எல்லோரும் சுரண்டல், கழுவல், துடைப்பு. பிரைமருக்கு நேரமுண்டு, அதன்மேல் பளபளப்புக்கு ஒருமுறைதான், அதுவும் நாளை விடியலில், காற்று எழுமுன்.

பதினொரு மணிக்கு நஸ்ரினின் உம்மா. செய்தி கேட்டு உப்பளத்திலிருந்து நேரே வந்திருக்கிறார். கையில் குடிதண்ணீர்க் கேன். காலில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. மகளின் கைப்பிடியை எடுத்தார். ஒரு பாதி சுரண்டிப் புதுப் பிரைமர் போட்டு, மங்கல் சாம்பல் நிறம். மறு பாதி இன்னும் பழைய பளபளப்பு, கொப்புளங்களோடு. கேன் தண்ணீரில் கையை நனைத்து இரண்டு பாதியையும் மாறி மாறிப் பிடித்தார்.

"மினுங்குற பக்கம் வழுக்குது மகள். எங்கட கை எப்பவும் ஈரம்தானே. இந்தப் பக்கம் சொகமா இரிக்கி."

அவர் போனபின் நஸ்ரின்: "மிஸ், நான் மினுக்கம் போடல்ல."

"வினாத்தாளில் கண்ணாடிப் பளபளப்பு என்று இருக்கிறது."

"யாரு எழுதின?"

நான் எழுதியது. அவளுக்கும் தெரியும்.

"புள்ளி குறைச்சுப்போடுவாங்க. தவறினாலும் தவறுவாய்."

"உப்பளத்துக்குப் போற சாமான் மிஸ். ஒரு மழக்காலம் முடிய மினுக்கம் மறுபடியும் பொக்குளிக்கும். உம்மாக்குப் பொய்ச் சாமான் செஞ்சு என்னத்துக்கு?"

ஒரு கோப்பை தேநீர் முடியும்வரை கோபமாக இருந்தேன். பிறகு ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டேன்: நிபந்தனை என்னுடையது, பொருத்தமற்றது, மாணவி அதை மீறியது காரணத்தோடு.

தைலம் வாங்கினேன்.

யூலை 10, வியாழன்

வானம் தெளிவு. பத்து மாதிரிகள் பளபளவென்று. நஸ்ரினுடையது பாதி மங்கல், பாதி கொப்புளம். மறு பாதியை வேண்டுமென்றே சுரண்டாமல் விட்டிருக்கிறாள். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

பரீட்சகர் இருவர். இளையவர் அதைத் தூக்கிப் பார்த்து, "இது முடிவடையாத வேலை" என்றார்.

நஸ்ரின் தண்ணீர்க் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். "கைய நனைச்சுட்டுப் பிடிங்க சேர். ரெண்டு பக்கமும்."

பிடித்தார். மறுபடியும் பிடித்தார். பிறகு என்னை நோக்கி: "இது உங்கள் வழிகாட்டலா, மேடம்?"

"இல்லை. என் வழிகாட்டலுக்கு எதிரானது. சரியானதும் அதுதான்."

என் தாளை நீட்டினேன். மூத்தவர் வாசித்தார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். இந்த வயதில் அப்படிப் பார்க்கப்படுவது புதிது. உயிர் போகவில்லை.

மூன்று மணிக்கு முடிவு. மேற்பரப்புக்குப் புள்ளி பாதி, வடிவமைப்புக்கு முழுவதும். தேறிவிட்டாள். என் முன் வந்து நின்றாள். ஏதாவது சொல்லவேண்டும் என்று இருவருக்கும் தெரிந்தது. "தூரிகையைக் கழுவினாயா?" என்றேன். "ஓம் மிஸ்," என்றாள், "நல்ல தண்ணியில."

வாசலில் உம்மா. நஸ்ரின் கைப்பிடியைக் கொடுத்துவிட்டுப் பையைத் திறந்து காத்திருந்தாள். அவர் பையில் போடவில்லை. தெரு வரைக்கும் அதைப் பிடித்தபடியே நடந்தார், மங்கல் பக்கம் உள்ளங்கையில். பஸ் வந்தது. கம்பியை மற்றக் கையால் பிடித்து ஏறினார்.