கோணல் போதவில்லை

அக்டோபர் 8

என் மகளின் முகம் இன்னும் கோணலாகட்டும் என்று மாநிலக் காப்பீட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். இன்று வந்த பதிலுக்கு வேறு பொருள் கிடையாது.

ஜூனிக்கு எட்டு வயது. மேல்தாடை குறுகல். கீழ்த்தாடைக்கு இடமில்லை, இடப்பக்கம் நழுவிப் போய்த்தான் வாய் மூடுகிறது. ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். பல் மருத்துவர் ஹாவ்லிக் தெளிவாகச் சொன்னார்: "அண்ணத்துல கம்பி வச்சு இப்பவே அகலப்படுத்திடலாம். எலும்பு இன்னும் இறுகல. விட்டா பின்னாடி கத்திதான்."

காப்பீடு கோணலுக்குப் புள்ளி போடுகிறது; புள்ளி நிறைந்தால்தான் செலவைக் கொடுக்கும். ஜூனியின் புள்ளி போதவில்லையாம்.

போதலன்னா? இன்னும் கொஞ்சம் வளைச்சு அனுப்பட்டுமா?

அக்டோபர் 12

அண்ணன் வெர்ன் வந்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கிறான்.

"நம்ம வம்சத்துல எவனுக்குடி பல்லு நேரா இருந்துச்சு? எனக்கு முன்பல்லு ரெண்டு இல்லவே இல்ல. பொண்டாட்டி கிடைக்கலயா?"

"கிடைச்சா. ஓடிட்டாளே."

"அது பல்லால இல்ல."

ஜூனி விழுந்து விழுந்து சிரித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

அக்டோபர் 17

காலைச் சுற்று முடிந்ததும் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டு, ஜூனியை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். காப்பீட்டுக்கு அனுப்பிய ஃபோட்டோக்களைத் திரையில் காட்டினார். பற்கள் நேர். மேல்வரிசை நடுவுக்கு நேரே கீழ்வரிசை நடு. இது யார் வாய்?

ஜூனிதான் சொன்னாள். வகுப்பில் அவளை "நண்டு" என்கிறார்கள், தாடை பக்கவாட்டில் போவதால். பள்ளி ஃபோட்டோ நாளுக்காகக் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறாள்: தாடையை நடுவுக்குக் கொண்டுவந்து, முன்பல் நுனிகள் தொட, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பது. இங்கேயும் கேமராவைப் பார்த்ததும் அதையே செய்திருக்கிறாள்.

"ஃபோட்டோன்னாங்கல்லம்மா. ஃபோட்டோல அழகாத்தானே இருக்கணும்?"

ஹாவ்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க தப்பு. அனுப்புறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும். மறுபடி எடுத்து மேல்முறையீடு பண்ணுவோம்."

அழகாக இருக்கப் பழகிய குழந்தைக்குத் தண்டனை. நல்ல நாடு.

அக்டோபர் 24

மறுபடி ஃபோட்டோ.

"கடைவாய்ப் பல்லால கடி, செல்லம். சாப்பிடும்போது கடிப்பியே, அப்படி." கேமராவோடு நின்ற பெண் கெஞ்சினாள். ஜூனி தாடையை நடுவில் பிடித்தாள். கெஞ்சக் கெஞ்ச நடுவிலேயே பிடித்தாள். கண்ணில் தண்ணீர், ஆனாலும் விடவில்லை.

விடிவதற்கு முன் எழுந்தவள் நான். மதியச் சுற்றுக்கு நேரமாகிறது. போகாவிட்டால் அந்த வேலையும் போகும். கத்திவிட்டேன்.

"நண்டு மாதிரி கடிடி!"

கடித்தாள்.

எல்லா ஃபோட்டோவும் எடுத்தார்கள். அருமையாக வந்திருக்கின்றன என்றாள் அந்தப் பெண். அருமையாக.

நவம்பர் 15

மான் வேட்டை தொடங்கப்போகிறது. பேருந்து முழுக்கத் துப்பாக்கிப் பேச்சு. காப்பீட்டு அலுவலகத்துக்கு ஃபோன் செய்தால் இசை. இசை முடிந்தால் இன்னொரு இசை.

நவம்பர் 29

பதில் இல்லை.

டிசம்பர் 12

ஜூனியின் ஆசிரியை பேருந்துப் படிவரை வந்து சொன்னாள்: "வகுப்புல வாயே திறக்க மாட்டேங்கிறா. வாசிக்கச் சொன்னா தலைய ஆட்டுறா. வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

பின்னால் பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். இல்லை என்றேன்.

வீட்டிலும் அப்படித்தான். உதடு பிரியாமல் "ம்." சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்காருகிறாள். நேற்று மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் "ம்."

ஜனவரி 9

அனுமதி வந்துவிட்டது! புள்ளி போதுமாம். வேறு ஃபோட்டோ, வேறு பிள்ளை ஆகிவிட்டாளா?

வெர்ன் கேக் வாங்கி வந்தான். "பாருங்கடா, கோணலுக்கு மாநிலத்துலயே முதல் பரிசு!"

யாரும் சிரிக்கவில்லை. அவனே கேக்கை வெட்டினான்.

ஜனவரி 23

கம்பி பொருத்தும் நாள். ஹாவ்லிக் அந்தக் குட்டிச் சாவியை எனக்குக் காட்டினார். தினமும் நான் ஒரு திருகு திருக வேண்டும், எலும்பு மெல்ல அகலும்.

"எங்க, சிங்கம் மாதிரி திற பாப்போம்."

ஜூனி உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவர் வேடிக்கை காட்டினார், கேமராப் பெண் ஸ்டிக்கர் காட்டினாள். என் மகள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலுக்கட்டாயமா வைக்க மாட்டேன், அடுத்த மாதம் வாங்க என்றார். எலும்பு காத்திருக்குமா என்று கேட்டேன். "கொஞ்ச நாள்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

காரில் ஏறினோம். பனி கொட்டியது. வண்டியைக் கிளப்பவில்லை. இத்தனை மாதமாகக் காப்பீட்டுக்காரர்களைத் திட்டினேனே, இப்போது யாரைத் திட்டுவது? அவள் ஜன்னலில் மூச்சுவிட்டு, படிந்த ஆவியில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஜூனி, வாயத் திற. என்னைத் திட்டுறதுக்காவது திற."