வயலுக்கு மேல் கட்டிய வீடு

மச்சான்,

இன்று களனி விகாரையைப் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரி ஒருத்தி, ஆற்றங்கரைச் சேற்றை மிதித்த சப்பாத்தோடு காரில் ஏறினாள். கதவை மூடியதும் அந்த மணம் எழுந்தது. அறுவடை முடிந்த வயலில் தண்ணீர் நின்று ஊறினால் வருமே, அது. பக்கத்து ஆசனத்தைப் பார்த்தேன். அங்கே இப்போது ஊர் காட்டும் புதுக் கைட் ஒருவன் இருக்கிறான். நல்லவன்தான், ஆனால் அவன் வாயைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அது அவனுடைய குற்றமில்லை, நீ இருந்த இடத்தில் இருக்கிறான், அவ்வளவுதான்.

கப்பல் பயணிகள் துறைமுகத்தில் இறங்கும்போது நீ தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு முன்னே நிற்பாய். நான் காரைத் துடைத்து வைத்துக்கொண்டு பின்னே நிற்பேன். பின்னேரம் கப்பல் புறப்படுவதற்குள் கொழும்பு முழுவதையும் காட்டி முடிக்கவேண்டும். நம்முடைய கொட்டாஞ்சேனைக் கோயில்கள், களனி, கறுவாத்தோட்டம், காலிமுகத்திடல், வெள்ளவத்தை, கடைசியாகக் கல்கிசை. மற்றக் கைட்மார் கட்டடங்களைக் காட்டினார்கள். நீ கட்டடத்துக்குக் கீழே இருந்ததைக் காட்டினாய். கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கு முன்னால் நின்று, "இது ஒல்லாந்தர் கறுவாப்பட்டை வளர்த்த மண். ஒரு கொப்பை முறித்தவனையும் அவர்கள் தூக்கில் போடாமல் விட்டதில்லை" என்பாய். கிழவிகள் கழுத்தைத் தடவிக்கொள்வார்கள்.

வெள்ளவத்தை வந்ததும் காரை மெல்ல விடச் சொல்வாய். "இந்தத் தெருக்கள், ஒழுங்கைகள் எல்லாம் நேற்றுவரை வயல். கொக்கு நின்ற இடத்தில் இன்று அரசாங்கக் கிளாக்கர் வீடு கட்டி நிற்கிறார்." ஒருநாள் ஒரு துரைசாணி கேட்டாள், வயலில் நின்ற தண்ணீர் இப்போது எங்கே போகிறது என்று. நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "கப்பலேறி லண்டனுக்குப் போய்விட்டது, மேடம்" என்றாய். கார் குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தப் பகிடியை நீ விட்டதேயில்லை.

அப்படிப்பட்ட நீ அந்த வயலிலேயே காணி வாங்கினாய். எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அன்று நான் வாய்விட்டே கேட்டேன்.

"நீயே கப்பலுக்குக் கப்பல் வயல் வயல் எண்டு சொல்லுறாய். பிறகென்ன விசர் வேலை இது?"

"அது கப்பல்காரருக்குச் சொல்லுற கதை மச்சான். இஞ்ச கொட்டாஞ்சேனையில மழை எண்டால் களனி ஆறு எப்ப ஏறும் எண்டு பயந்து சாகிறம். அங்க பக்கத்தில கடல். எவ்வளவு தண்ணி வந்தாலும் கடல் குடிச்சிடும்."

ஆற்றுக்குப் பயந்து வளர்ந்த நம்முடைய ஆட்கள் எல்லாருக்கும் அது நல்ல நியாயமாகத்தான் பட்டது. மழைக்காலத்தில் கடல் குடிப்பதில்லை, வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் கால்வாயின் வாயில் மணலைக் குவித்து அடைத்துவிடும் என்பது கொட்டாஞ்சேனையில் யாருக்குத் தெரியும்?

பாதிரியார் வந்து புது வீட்டுக்குத் தீர்த்தம் தெளித்த அன்றே உன் மனைவி றோசலின் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இந்தச் சீமெந்தில காலை வைச்சுப் பாருங்கோ. வெயில் எரிக்குது, நிலம் வியர்க்குது. அவரிட்டச் சொன்னால் சிரிக்கிறார்."

காலை வைத்தேன். குளிர்ந்தது. அடுத்த மாதம் முன்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. நீ அதன்மேல் கப்பல் படம் போட்ட கலண்டரைத் தொங்கவிட்டாய். காலையில் உன் முற்றத்தில் கொக்குகள் வந்து நின்றன. வேறு வீடுகளுக்கும் போகலாம்தானே, உன் முற்றத்துக்கே வந்தன. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "பாருங்கோ, டூரிஸ்டுகள் வந்திருக்கினம்" என்றாய். பிள்ளைகள் சிரித்தார்கள். றோசலின் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த மழை நாட்களை நான் மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. கடைசி நாள் காலையில் களனிப் பாலத்தடியில் ஆறு செம்மண் நிறத்தில் உருண்டுகொண்டிருந்தது. பயணிகள் எட்டிப் பார்த்துப் பயந்தார்கள். நீ என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாய், "பார்த்தியே, நான் தப்பினன்." மதியமே அவர்களைக் கப்பலில் சேர்த்துவிட்டு உன்னை வீட்டில் விட வந்தேன்.

ஒழுங்கையைக் காணவில்லை. மதிலுக்கு மதில் தண்ணீர், அசைவில்லாமல், நாற்று நடத் தயாரான வயல்போல. பக்கத்து வீட்டு மாடியில் றோசலினும் பிள்ளைகளும் நின்றார்கள்.

"உள்ள போகாதேங்கோ, சுவர் சரியுது" என்று அவள் கத்தினாள்.

"உன்ர தையல் மெஷினை எடுத்துக்கொண்டு வாறன்" என்றாய். நான் உன் சட்டையைப் பிடித்தேன். கையைத் தட்டிவிட்டாய். இடுப்பளவு தண்ணீரில் சிரித்துக்கொண்டே போனாய். சுவர் பெரிய சத்தம்கூடப் போடவில்லை. அப்படியே உன்மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டது. தூக்கி எடுத்தபோது உன் வாய் நிறையச் சேறு. உன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை மச்சான். தெரியாமல் செத்தவனுக்கு அழுதால் ஆறும்.

றோசலின் பிள்ளைகளோடு கொட்டாஞ்சேனையில் தாய் வீட்டில் இருக்கிறாள். இரவல் மெஷினில் தைக்கிறாள். இன்று உன் காணியடிக்கு வந்தபோது புதுச் சுவர் எழும்பியிருப்பதைக் கண்டேன். இந்த முறை மாடி வீடு. காரை நிறுத்தி இறங்கினேன். குடையோடு நின்ற புது வீட்டுக்காரரிடம், "ஐயா, இது வயல். தண்ணி நிண்ட இடம்" என்றேன்.

"ஓம், கேள்விப்பட்டனான். அதுதான் மண் நிறையப் போட்டு மேடாக்கியிருக்கிறன்" என்றார்.

"முதல் இருந்தவர் சுவர் விழுந்து செத்தவர்."

"அவர் கொட்டாஞ்சேனை ஆளாம்" என்றார் அந்த மனிதர், இரக்கத்தோடுதான். "பாவம், அவருக்கு இந்த இடத்தைப் பற்றி என்ன தெரியும்?"

திரும்பி வந்து காரில் ஏறினேன். கைட் அடுத்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவனைக் கையமர்த்திவிட்டு, எனக்குத் தெரிந்த உடைந்த இங்கிலீசில் பின்னால் இருந்தவர்களுக்கு நானே சொன்னேன், இது வயல், என் சிநேகிதன் இங்கேதான் செத்தான் என்று. அந்த வெள்ளைக்காரி "ஓ" என்றாள். பிறகு கமராவை எடுத்து அந்த வீட்டைப் படம் பிடித்தாள்.

அடுத்த கப்பலுக்கும் சொல்வேன். நீ சிரித்துச் சொன்னதை நான் சிரிக்காமல் சொல்கிறேன். வேறென்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.