கண்வலிப் பூ

ஆடி 12, திங்கள்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். காகிதம் நமுத்துப்போய் வண்ணம் ஓரத்தில் படர்கிறது.

பக்கத்து வீட்டு நூர்ஜஹான் அக்காவின் வேலியில், கோவைக்கொடிக்குப் பக்கத்தில், செங்காந்தள் விரிந்துவிட்டது. நேற்று பச்சை கலந்த மஞ்சள். இன்று இதழ் நுனியில் மட்டும் சிவப்பு. தினமும் ஏறும். ஒரே பூவை முழுச் சிவப்பாகும்வரை நாள்தோறும் வரைய வேண்டும். இலையின் நுனி சுருண்டு கம்பியைப் பற்றியிருக்கும் விதம்! வரையும்போது மூச்சுவிட மறந்தேன். கல்லூரித் தாவரவியல் வகுப்பில் அறுத்துப் பார்த்து வரைந்த பூ எதுவும் இப்படி என்னைப் பிடித்துக்கொண்டதில்லை.

வலது கண்ணில் உறுத்தல். தூசியாக இருக்கும்.

வாங்க: தோசை மாவு, 2பி பென்சில், கொசுவத்தி.

ஆடி 13, செவ்வாய்

கண் சிவந்திருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் தொடங்கியது என் வயதில்தான். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரைப் படித்தேன். தெரிகிறது. மறுபடி படித்தேன்.

மாலை அக்கா என் கையிலிருந்து குழம்புக் கிண்ணத்தை வாங்கினார், பூவின் பக்கம் திரும்பாமலே.

"இன்னா சுகந்தி, கண்ணு மொளகாப்பழமாட்டம் கீது? அது கண்வலிப் பூடி. பாத்தாலே கண்ணு வலி வரும். நீ இன்னாடான்னா ஸ்டூல் போட்டுகினு குந்திப் பாக்குறே!"

"தூசிக்கா."

"ஆங், தூசிதான்."

ஆடி 14, புதன்

டாக்டர். மெட்ராஸ் ஐ. சொட்டு மருந்து. கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொன்னேன். சரியாக இருக்கிறதாம். நம்பிக்கை வரவில்லை. வேறு டாக்டரிடம் போகலாமா என்றேன்.

என் கணவர்: "பாஸான பேப்பருக்கு யாராச்சும் ரீவேல்யுவேஷன் போடுவாங்களா?"

கறுப்புக் கண்ணாடியில் சிவப்பெல்லாம் பழுப்பு. கழற்றினால் கண் எரிகிறது. கழற்றித்தான் வரைந்தேன்.

ஆடி 15, வியாழன்

அக்காவுக்கும் கண் சிவந்துவிட்டது. என்னிடமிருந்துதான் ஒட்டியிருக்கும். அந்தக் குழம்புக் கிண்ணம். சொன்னேன். கேட்டால்தானே.

"துணி காயப்போடச் சொல்லோ ஒரு தபா பாத்துட்டேன்டி. அதான்."

அவர் வீட்டுக்காரர் பாஷா பாய் மெக்கானிக் ஷெட்டிலிருந்து வந்ததும் தீர்ப்பு. நாளைக்கு ஜும்மா தொழுகைக்கு முன்னால் கொடியை வெட்டிவிடுவாராம்.

"ரெண்டு நாள் பொறுங்க பாய். படம் முடிஞ்சிரும்."

"கண்ணு போனா எத்த வெச்சிம்மா வரைவீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். செவ்வாயிலிருந்து நானும் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மா கடைசியில் செம்பருத்தியைத் தடவித்தான் பார்த்தாள். ஓரம் இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற பதற்றம். இந்த ஒரு பூவையாவது.

ஆடி 16, வெள்ளி

மேகமூட்டம். பூவின் அடியில் இன்னும் ஒரு விரல்கடை மஞ்சள். நாளை அதுவும் சிவந்துவிடும்.

பதினோரு மணிக்குப் பாய் கத்தியோடு வந்தார். உள்ளேயிருந்து அக்காவின் குரல்: "பாக்காதீங்க! பாக்காம வெட்டுங்க!"

நான் ஸ்டூலில். அந்தக் கடைசி மஞ்சளை அவசரமாகத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பாய் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி, கண்களையும் இறுக மூடிக்கொண்டார். இடது கையால் வேலியைத் துழாவினார். அகப்பட்ட கொடியைப் பிடித்து ஒரே இழுப்பில் அடியோடு அறுத்தார். கோவைக்கொடி. காந்தள் ஒரு முழம் தள்ளி, வேலி அதிர்ந்ததில் ஆடிக்கொண்டிருந்தது.

"போச்சாம்மா?" கண்ணைத் திறக்கவில்லை.

"ஆங், பாய்," என்றேன்.