கசூபா மீது நான் கொடுத்த புகார்

அனுப்புநர்
ஜஸ்டினா முவாப்பே,
கருவாட்டுக் கடை, கபோசி சந்தை, சாம்பியா.

பெறுநர்
மாவட்டச் சமூக நல அலுவலர் அவர்கள்.

பொருள்: என் மகள் கசூபாவை (வயது 11) சீர்திருத்தப் பள்ளியிலிருந்து விடுவிக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. சென்ற ஆண்டு என் கணவர் காலமானார். துக்க வீட்டிலேயே அவருடைய அண்ணன்மார் கட்டில், அடுப்பு, கசூபாவின் மெத்தை வரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இறந்தவரின் பொருள்களை அவருடைய உறவினர்கள் எடுத்துக்கொள்வது எங்கள் பக்கம் நடப்பதுதான். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கசூபா லாரியின் பின்னால் ஓடினாள். அன்றிலிருந்து கைக்கு எது கிடைத்தாலும் உடைத்தாள். பள்ளியில் ஆசிரியையின் கையைக் கடித்தாள்.

2. தங்கள் அலுவலகத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்வழி வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு, கடையை அடைத்துவிட்டு மூன்று முறை வந்தேன். எழுத்தர், “போலீஸ் கேஸ் நம்பர் இருந்தாத்தாம்மா சேர்க்க முடியும். உங்க பொண்ணு இன்னும் பெருசா ஒண்ணும் பண்ணலையே, பண்ணினப்புறம் வாங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

3. நம்பர்தானே என்று நினைத்தேன். என் செல்போனை அவள் பள்ளிப் பையில் நானே வைத்தேன். நானே காவல் நிலையம் சென்று திருட்டுப் புகார் எழுதிக் கொடுத்தேன். நம்பர் கிடைத்தது. ஆனால் வகுப்பில் இடமில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லி, ஆறு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டியில் ஏறும்போது அவள் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

4. எங்கள் ஊரில் தாயைப் பிள்ளையின் பெயரால்தான் அழைப்பார்கள். “பானா கசூபா, மீனு இன்னிக்கு வந்ததா?” என்று சந்தையில் நாள் முழுவதும் கேட்கிறார்கள். கசூபாவின் தாயே என்று அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு உடல் கூசுகிறது. வீட்டில் இப்போது ஒரு தட்டும் உடைவதில்லை. அந்த அமைதியில் இருக்கப் பயமாக இருக்கிறது.

5. சென்ற மாதம் அவளைப் பார்க்கப் போனேன். எங்கள் வழக்கப்படி வேற்று மனுஷியை வணங்குவதுபோல் முழங்காலிட்டு மெல்லக் கைதட்டினாள். பிறகு, “நான்தாம்மா எடுத்தேன். இனிமே எடுக்க மாட்டேன்” என்றாள். நீ எடுக்கவில்லை, நான்தான் வைத்தேன் என்று எவ்வளவோ சொன்னேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே சொன்னாள்.

ஆகவே, பொய்ப் புகாருக்கான தண்டனையை எனக்கு அளித்து, கசூபாவை விடுவிக்கும்படி வேண்டுகிறேன். நான் சிறை சென்றால் அவளைப் பார்த்துக்கொள்ள என் தங்கை ஒப்புக்கொண்டிருக்கிறாள். தாங்கள் ஆள் அனுப்பி விசாரித்தால், திருடியதாகத்தான் அவள் சொல்வாள். தயவுசெய்து அதை நம்பிவிடாதீர்கள், அம்மையீர்.

இடம்: கபோசி
நாள்: 14 ஆகஸ்ட் 2023

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
ஜஸ்டினா முவாப்பே