அழுமூஞ்சி மரத்தின் சேதி

பிரியமுள்ள மைனி,

முதலில் மரத்தின் சேதி. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் நீங்கள் காது கொடுக்கமாட்டீர்கள். மரம் இருக்கிறது. செத்துப்போயிற்று என்று நாங்கள் முடிவுகட்டிய பிறகு துளிர்த்து, இப்போது தரை வரைக்கும் கொப்புகளைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறது. புதிய இலைக்கு அதே ரோஸ் நிறம், முற்றின இலைக்கு அதே கருஞ்சிவப்பு.

மற்றபடி எல்லாரும் சுகம். அண்ணன் சாப்பிடுகிறார், மருந்தை ஒழுங்காக எடுக்கிறார். சபைக்குப் போகிறார், ஆனால் பாடுவதில்லை. உங்கள் பிள்ளை ஜெனி மஸ்கட்டிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள். நான் ஜங்ஷனில் இருந்த தையல் கடையை வீட்டு முன்னறைக்கே மாற்றிவிட்டேன். மதிலுக்கு இந்தப் பக்கம் என் மிஷின், அந்தப் பக்கம் உங்கள் முற்றம். அண்ணன் இருமினால் எனக்குக் கேட்கும்.

மரம் வாங்கிய நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருவனந்தபுரத்தில் ஜெனியை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பிவரும் வழியில், ரோட்டோரத்து நர்சரி ஒன்றின் முன்னால் காரை நிறுத்தச் சொன்னீர்கள். நெஞ்சு உயரத்துக்கு ஒரு நேர்த்தண்டு, அதன் உச்சியில் ஒட்டு, ஒட்டிலிருந்து கொப்பெல்லாம் கீழ்நோக்கித் தொங்கல். நர்சரிக்காரர் சொன்ன பெயர் நம் மூன்று பேர் வாயிலும் நுழையவில்லை. அண்ணன் கேட்டது ஒரே கேள்வி.

"இது காய்க்குமா?"

"காய்க்காது."

"பின்ன என்னத்துக்கு?"

"பாக்கதுக்கு," என்றீர்கள் நீங்கள். ரப்பர், தென்னை, பிலா, நல்லமிளகு என்று பலன் தருவதை மட்டுமே நட்டுப் பழகிய மனிதர் அதற்கு என்ன சொல்வார்? வாயை மூடிக்கொண்டு காரின் டிக்கியில் இடம் ஒதுக்கப் போய்விட்டார்.

நான் சும்மா இருப்பேனா? "மைனி, பிள்ளைய அனுப்பிட்டு வாற வழியில அழுமூஞ்சி மரமா வாங்குகது?" என்று கேட்டேன்.

"அழுகல்ல பிள்ளே, நல்லாப் பாரு," என்றீர்கள். "குளிச்சிட்டு வந்து, முடிய முன்னால தொங்கப்போட்டுத் தலை சீவுகா."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பும் அந்தப் பேச்சும் டிக்கிப் பக்கம் நின்ற அண்ணனுக்குக் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

நீங்கள் அதை வளர்த்த விதம் எனக்குத் தெரியும். காலை வெயில் படவேண்டும், உச்சிவெயிலுக்குப் பிலா நிழல் வேண்டும். முழு நிழலில் வைத்தால் நிறம் மங்கும், முழு வெயிலில் வைத்தால் இலையோரம் கருகும். இடத்தை முடிவு செய்ய நீங்கள் சட்டியோடு முற்றம் முழுக்க நடந்ததைப் பார்த்து, பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடும்போதுகூட மைனி இவ்வளவு யோசிக்கமாட்டாள் என்று நான் கேலி செய்தேன். நட்ட பிறகு ஊரில் யார் போனாலும் கேட்டார்கள், ஏன் மரம் வாடி நிற்கிறது என்று. வாடவில்லை, அதன் இயல்பே அப்படித்தான் என்று நீங்கள் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். பொறுமை எனக்கு ஆகாது. அழுமூஞ்சி என்ற பெயரோ ஊருக்கே பிடித்துப்போயிற்று.

நீங்கள் போனபோது அந்தப் பொறுமையும் வீட்டைவிட்டுப் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் முற்றத்தில் ஏறும்போதே மரத்தைப் பார்த்தார்கள். "அவ போனதுல மரமும் வாடிப்போச்சே," என்று ஆளுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினார்கள். கை கழுவிய வெள்ளத்தையும் அங்கேயே கொட்டினார்கள். பால் கொண்டுவரும் தங்கம்மை தினமும் ஒரு குடம். நல்ல மனசுதான், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மண் சேறாகி, இலை மஞ்சளாகி, கடைசியில் எல்லாம் கொட்டிவிட்டது. நான்தான் சேற்றை வாரி, மணலும் செங்கல்பொடியும் போட்டு, நீர் ஓட ஒரு சால் வெட்டிவிட்டேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு கை பிடிக்கவில்லை.

அடுத்த மழையில் ஒரு முளை வந்தது. மைனி, ஒட்டிலிருந்து இல்லை. ஒட்டுக்குக் கீழே, தண்டின் அடியிலிருந்து.

நல்ல பச்சை, நல்ல நேர். ரப்பரை ஒட்டுக்கட்டி வளர்க்கிற ஊரில் அது என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடியில் இருக்கிற காட்டுச்செடியின் முளை அது. விட்டால் வேரின் சத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும், மேலே ஒட்டியது பட்டுப்போகும். ஆனால் அண்ணன் அதைக் கிள்ளவில்லை. கம்பு நட்டுக் கட்டிவைத்தார். சாணிப்பொடி போட்டார். அது அவர் தலைக்கு மேலே போனது. அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார்.

ஜெனிக்கு வீடியோவில் காட்டினார். "அப்பா, அம்மைக்க மரம் நிமிந்து நிக்கே!" என்று அவள் கத்தினாள். நீங்கள் போனபிறகு அண்ணன் சிரித்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? மேலே உங்கள் மரத்தில் அப்போதுதான் இரண்டு கொப்பு துளிர்த்திருந்தது. இலை காசு அளவுதான், நிறமும் இல்லை. ஒன்றைக் காப்பாற்றினால் இன்னொன்று போகும். மரத்தைச் சொல்கிறேனா அண்ணனைச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாமல் கொஞ்சநாள் திரிந்தேன்.

கடைசியில் கத்தரியோடு போனேன். தையல் கத்தரி இல்லை, பயப்படவேண்டாம், உங்கள் செடி வெட்டுகிற கத்தரி.

"ஏட்டி, அதத் தொடாத," என்றார்.

"அண்ணே, இது மைனிக்க மரம் இல்ல. அடிக்கம்பு. உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கா தெரியாது? தோட்டத்துல எத்தன ரப்பர் தைக்கு அடிமுளைய நான் கிள்ளிக் களைஞ்சிருக்கேன்." அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "இந்த வீட்டுல இப்பம் வளருகது இது ஒண்ணுதான். விட்டிரு."

நான் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்து அழுதேன். தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கை கோணிப்போய், மறுபடி பிரிக்கவேண்டி வந்தது.

ஒருநாள் காலையில் தங்கம்மை பால் கொண்டுவந்தாள். நான் மதிலோரம் நின்றேன். "கொள்ளாம், அந்த அழுமூஞ்சி போய் நல்ல நிமிந்த மரம் வந்துதே," என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "அழுமூஞ்சி இல்ல தங்கம்மை. எங்க மைனி அப்படிச் சொல்லவே இல்ல," என்று, நர்சரியில் நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். முடியை முன்னால் தொங்கப்போட்டுத் தலை சீவுகிறாள் என்பதை நடித்தும் காட்டினேன். தங்கம்மை சிரித்தாள்.

ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அண்ணன் வாளியோடு பின்னால் நின்றிருக்கிறார்.

"அவ எப்பம் அப்படிச் சொன்னா?"

"வாங்கின அன்னைக்கே. நீங்க டிக்கியில இடம் ஒதுக்கிட்டு நின்னிய."

"சிரிச்சிட்டா சொன்னா?"

"சிரிச்சிட்டுத்தான்."

வாளியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கம்மை போன பிறகு சொன்னார்: "நான் வேற நெனச்சேன் பிள்ளே. பிள்ளையும் போயாச்சு, இனி இந்த ஆளுக்ககூடத் தனியா இருக்கணுமேண்ணு சங்கடப்பட்டு வாங்கினாண்ணு நெனச்சேன். முத்தத்துல எறங்கும்ப எல்லாம் அது எனக்க மொகத்தப் பாத்து அழுகது மாதிரி இருக்கும்."

"மைனிட்டயே கேட்டிருக்கப்படாதா அண்ணே?"

"என்னண்ணு கேக்க?"

இத்தனை வருஷம் ஒரு மரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு மனிதர் உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறார். ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே தெரியவில்லையே, உங்களுக்குத் தெரிந்திருந்ததா?

சாயங்காலம் அவரே கத்தியை எடுத்தார். கட்டை அவிழ்த்து, பச்சைக் கொப்பை அடியோடு சேர்த்து, குச்சி மிஞ்சாமல் அறுத்தார். ரப்பருக்குப் பூசுகிற துரிசுக் குழம்பை வெட்டுவாயில் தடவினார். ஜெனியிடமும் அவரே சொன்னார். அவளுக்குக் கோபம், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு ரோஸ் இலையைக் காட்டியதும் சமாதானமாகிவிட்டாள்.

மைனி, ஒன்று மட்டும் உங்களிடம் கேட்கவேண்டும். நீங்கள் அன்றைக்குச் சிரித்தது உண்மை. விமான நிலையத்திலிருந்து நர்சரி வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நீங்கள் அழுததும் உண்மை. பின் சீட்டில் உங்கள் பக்கத்தில் இருந்தவள் நான். பிள்ளைக்காகத்தான் அழுதீர்கள் என்று அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அண்ணனிடம் சிரித்ததை மட்டும் சொன்னேன். போதும்தானே?

நேற்றுத் தங்கம்மை பழைய பழக்கத்தில் குடத்தைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். அடுக்களைக்குள்ளிருந்து அண்ணனின் சத்தம் வந்தது: "ஊத்தாத தங்கம்மை! அவ தலை சீவுகா!"

தங்கம்மை குடத்தோடு அப்படியே நின்று என்னைப் பார்த்தாள். நான் மிஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை.

ஒட்டுக்குக் கீழே எந்த முளை வந்தாலும் கிள்ளிவிடுவேன் மைனி. அண்ணன் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால், என்னவென்று மதிலோரம் நின்றே கேட்டுவிடுவேன். நீங்கள் இரண்டு பேரும் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து நான் கேட்கிறேன். அவருக்கு முன்னால் நான் அங்கே வரவேண்டி வந்தால், கத்தரியைத் தங்கம்மையிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். குடத்தை வாங்கி வைத்துவிட்டு.

உங்களைக் கேலி செய்தே ஆயுசைக் கழித்த,
உங்கள் நாத்தனார் லில்லி