அம்மா பாலைத் தொடுவதில்லை

தம்பி,

இன்று காலை என் மகளுக்கு வைத்த பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. தீய்ந்த வாசனை பரவியதும் அம்மா எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். நீ போனதிலிருந்து அவள் பாலைத் தொடுவதில்லை. கடுங்காப்பிதான் குடிக்கிறாள்.

கபடி ஆடிவிட்டு வரும் மாலைகளில் உனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். நான் அழுத்திவிடுவேன். அம்மா பெரிய டம்ளரோடு வந்து நிற்பாள். "ஏலே, ஒடம்புல கால்சியம் பத்தல. ஒரே மூச்சுல குடி." நீ மூக்கைப் பொத்திக்கொண்டு குடிப்பாய்.

பனவடலிசத்திரத்தில் ஆடும்போது உனக்குக் காரை எலும்பு முறிந்தது. திருநெல்வேலியில் ஆபரேஷன். தள்ளுவண்டியில் படுத்தபடியே சொன்னாய்: "யக்கா, எனக்குப் புரோட்டா வாங்கி வச்சிரு. இங்கன கஞ்சிதான் குடுப்பாவ."

சிரித்துக்கொண்டே உள்ளே போனாய். கொஞ்ச நேரத்தில் வாளியில் ஐஸ் கட்டிகளை அள்ளிக்கொண்டு ஆட்கள் உள்ளே ஓடினார்கள். எதற்கென்று யாரும் சொல்லவில்லை. எங்களை உள்ளே விட்டபோது உன் உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உயிர் இல்லை.

சங்கரன்கோவிலிலிருந்து திரண்டு வந்த சொந்தக்காரர்கள் டாக்டரை அடிக்கப் பாய்ந்தார்கள். மயக்க மருந்து கொடுத்த அந்த டாக்டர் ஓடி ஒளியவில்லை. என்னையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னார். தசையின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் கால்சியத்தைச் சேர்த்துவைக்கும் சின்னப் பை இருக்கிறதாம். நாம் கையைத் தூக்கும்போது அது திறந்து கால்சியம் வெளியே வரும், தசை இறுகும். மறுகணமே கால்சியத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும், தசை தளரும். சில குடும்பங்களில் அந்தத் திறப்பு பிறவியிலேயே பழுதாக இருக்கும். சில மயக்க வாயுக்கள் பட்டால் திறந்தது மூடாது. உடம்பெங்கும் தசைகள் இறுகியபடியே கொதிக்கும். மாற்று மருந்து ஒன்று உண்டு. அன்று அங்கே அது இல்லை.

அம்மாவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்தான்.

"கால்சியமா? நாந்தான தெனமும் பாலக் குடுத்தேன்?"

"இல்லம்மா. குடிக்கிற பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது பரம்பரையா வர்றது."

"அப்ப எங்கிட்ட இருந்தா வந்துச்சு?"

அப்பா வழியாகவும் வந்திருக்கலாம் என்றார் அவர். அதை அம்மா கேட்டதாகத் தெரியவில்லை.

போன மாதம் என் மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன் என்றார்கள். டாக்டர் முன்னால் போய் நின்றேன், நாக்கு எழவில்லை. அம்மா என்னை விலக்கிக்கொண்டு வந்தாள். "டாக்டர், எங்க வீட்டுப் பிள்ளைகளுக்கு வாயு மயக்கம் ஆவாது. தசையில கால்சியம் மூடாம எம்மவன் போயிட்டான்." அவர் நிமிர்ந்து பார்த்தார். மருந்தை மாற்றினார்கள். மகள் கண் விழித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்: "எல்லாம் தெரிஞ்சுதான இருக்கு. பொறவு எதுக்கும்மா பாலத் தொடமாட்டேங்க?"

"தெரியும்ட்டி. கை போவமாட்டேங்கு."

அந்தப் பழுது என்னிடமும் இருக்கலாம். சோதித்துப் பார்க்க இன்னும் துணிவு வரவில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டிய ஒன்றை மகளுக்குப் பழக்கியிருக்கிறேன்: "எங்க மாமா ஆபரேஷன் மயக்கத்துல எறந்துட்டாவ." அவள் அதைப் பாடம்போல ஒப்பிக்கிறாள். அவள் உன்னைப் பார்த்ததே இல்லை. உன்னைப் பற்றி அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது, தம்பி. முதலில் நீ செத்த விதத்தைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.